ஐந்து பச்சை முத்திரைகள்

"மேடம், ஒரு சந்தேகம்" என்றான் கொசுறு. "இதுவரைக்கும் எல்லா கேஸ்லயும் கைரேகை பார்த்தோம். இன்னிக்குத்தான் முதல் தடவையா ஆட்டோட பின்பக்கத்தைப் பார்க்கிறோம். இது நமக்குப் பதவி உயர்வா, இறக்கமா?"

"குனிஞ்சு பாரு. வாயை மூடிட்டுப் பாரு" என்றார் மேடம்.

கொசுறு குனிந்தான். துப்பறியும் தொழிலில் அவன் மேடத்திடம் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. சேர்ந்த அன்றே மேடம் ஒரு கட்சிக்காரரிடம், "கேஸை நான் பார்ப்பேன். இவர் கூட வருவார். இவருக்குத் தனியா ஒண்ணும் தர வேண்டாம்" என்று சொல்லித் தொலைத்தார். காய்கறிக் கடையில் இலவசமாகப் போட்டுத் தரும் கொத்துமல்லி மாதிரி அன்றே அவனுக்குப் பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்ப்பதில்லை.

அவன் எதிரே ஐந்து பெட்டைச் செம்மறிகள் நின்றன. ஒவ்வொன்றும் அவன் முழங்கால் உயரம். ஒவ்வொன்றின் வாலுக்கு மேலும் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சைச் சாயம்.

"குட்டிங்களா?" என்று கேட்டான்.

"முழு வளர்ச்சிங்க. குட்டை இனம், இதுக்கு மேல வளராது" என்றார் போஸ்ட்மாஸ்டரம்மா. தபால் ஆபீசில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். ஸ்வெட்டருக்கு மேல் ஒரு சால்வை, கையில் ஒரு நீள நோட்டு. "இருக்கிறது ஒண்ணரை ஏக்கர். பெரிய ஆடு வாங்கினா ஒரே மாசத்துல மொட்டை அடிச்சிடும். என் முழங்காலுக்கும் பெரிய ஆட்டைப் பிடிச்சு மடக்கத் தெம்பு கிடையாது. அதான் இது. நாலு பண்ணை ஏறி இறங்கி, பல்லை எண்ணி, குளம்பைத் தூக்கிப் பார்த்து, மடியைத் தடவிப் பார்த்து வாங்கினேன்."

"மாப்பிள்ளை பார்க்கிறதுல கூட இவ்வளவு பார்க்க மாட்டாங்க" என்றான் கொசுறு.

"பார்க்க விட மாட்டாங்க" என்றார் போஸ்ட்மாஸ்டரம்மா, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

விஷயம் இதுதான். ஐம்பது நாளைக்கு முன்னால் இந்த ஐந்தோடு அதே குட்டை இனக் கிடா ஒன்றை விட்டிருக்கிறார்கள். அதன் மார்பில் வார் கட்டி, அந்த வாரில் ஒரு சிவப்புச் சாயக் கட்டி. கிடா எந்த ஆட்டோடு சேர்கிறதோ அந்த ஆட்டின் பின்முதுகில் சிவப்பு ஒட்டும். எந்த ஆடு எந்தத் தேதியில் சினை என்று நோட்டில் எழுதிக்கொள்ளலாம். தபால் ஆபீஸ் முத்திரை மாதிரிதான். ஐம்பது நாளில் ஒரு முத்திரைகூட விழவில்லை. போன வாரம் ஒரு நாள் விடிந்து பார்த்தால் ஐந்து பேர் முதுகிலும் முத்திரை, ஆனால் பச்சை.

"பச்சைச் சாயம் யார் வீட்டுக் கிடாவுக்கு?" என்று கேட்டார் மேடம்.

போஸ்ட்மாஸ்டரம்மா வேலிக்கு அப்பால் மோவாயால் காட்டினார். "பக்கத்துத் தோட்டக்காரர். அவர் கிடா என் இடுப்பு உயரம். அதோட குட்டி இதுங்க வயித்துல வளர்ந்தா வெளியே வர வழி கிடையாது. ஆடும் போகும், குட்டியும் போகும். அஞ்சு மணிக்குக் கால்நடை டாக்டர் வர்றார். ஊசி போட்டா கலைஞ்சிடும். ஆனா ஊசி போட்டா எந்தக் குட்டியா இருந்தாலும் கலைஞ்சிடும். போடணுமா, வேண்டாமா? நீங்க சொல்லணும். இதுங்களை நான் பெத்த பிள்ளை மாதிரி வளர்க்கிறேன்." நோட்டைத் திறந்து எதையோ பார்ப்பது போல் பார்த்துச் சமாளித்துக்கொண்டார்.

மணி மூன்று.

"உங்க கிடாவைப் பார்க்கலாமா?"

"மேனேஜரா? அவர் ரூம்ல இருப்பார்."

கொட்டகையை ஒட்டி ஒரு சின்ன அறை. உள்ளே மேஜை நிறையக் கைக்கடிகாரங்கள், சுவர் நிறையச் சுவர்க்கடிகாரங்கள். மேஜைக்குப் பின்னால் கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிய ஒல்லியான மனிதர், போஸ்ட்மாஸ்டரம்மாவின் கணவர். ஊரில் எல்லோருக்கும் கடிகாரக்காரர். அவர் காலடியில் கறுப்பு மூஞ்சியோடு குட்டையான ஒரு கிடா படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"இதுக்கு ஏங்க மேனேஜர்னு பேரு?" என்றான் கொசுறு.

"காலையில வெளியே வரும். எல்லாரையும் ஒரு தடவை முறைக்கும். அப்புறம் நாள் முழுக்க ஒரு வேலையும் செய்யாது" என்றார் போஸ்ட்மாஸ்டரம்மா. "ஞாயித்துக்கிழமை இதைத் திருப்பி அனுப்பறேன். வித்தவன் நேரா கறிக்கடைக்கு அனுப்புவான். அது அவன் பாடு."

கடிகாரக்காரரின் கையிலிருந்த சின்ன இடுக்கி மேஜைக்குக் கீழே விழுந்தது. குனிந்து தேடுவதுபோல் மேனேஜரின் தலையை ஒரு தடவை தடவினார். "பாவம்மா அது. சத்தம் போடாது, கிட்டயே படுத்துக்கும். கடிகாரச் சத்தம் அதுக்குப் பிடிக்கும். ஊசியும் எதுக்கு? அந்த அஞ்சும் பாவம்" என்று முணுமுணுத்தார்.

"உங்களுக்கு எல்லாமே பாவம்தான்" என்றார் மனைவி.

மேடம் மேனேஜரின் மார்பில் இருந்த சாயக் கட்டியைப் பார்த்தார். சிவப்பு. நான்கு முனையும் கடையில் வாங்கின மாதிரியே கூராக இருந்தது.

"ஒரு துளி தேயலை பாருங்க" என்றார் போஸ்ட்மாஸ்டரம்மா. "இது போதாதா சாட்சிக்கு?"

அந்த நேரம் கடிகாரக்காரர் ஆடுகளுக்குத் தண்ணீர் வைக்க எழுந்தார். கொட்டகை வாசலில் ஒரே அளவில் இரண்டு பிளாஸ்டிக் வாளிகள் இருந்தன. சிவப்பு வாளி குடிதண்ணீருக்கு, பச்சை வாளி குளம்பு கழுவும் மருந்துக்கு. அவர் இரண்டின் கைப்பிடியையும் விரலால் தடவினார். ஒன்றில் வெள்ளை நூல் முடிச்சு இருந்தது. அந்த வாளியை எடுத்துக்கொண்டு போனார்.

"பாத்ரூம்ல பல் பிரஷ்ஷுல கூட நூல் கட்டியிருக்கு மேடம்" என்று கிசுகிசுத்தான் கொசுறு. கை கழுவப் போனபோது பார்த்திருந்தான். "முதல்ல ஏதோ வேண்டுதலோன்னு நினைச்சேன்."

"நினைக்கிறதை நிறுத்தாதே. சொல்றதை மட்டும் நிறுத்து" என்றார் மேடம்.

பக்கத்துத் தோட்டக்காரர் வேலி ஓரமே காத்திருந்தார். ஒரு வாரமாகக் காத்திருந்தார் போலிருக்கிறது. இவர்கள் வாயைத் திறப்பதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"அந்தம்மா தெருவுல நின்னு என்னை என்னல்லாம் கேட்டாங்க தெரியுமா? என் கிடாவை நான் ஒழுங்கா வளர்க்கலையாம்! வாங்க, வந்து பாருங்க, வந்து நீங்களே பாருங்க!"

போய்ப் பார்த்தார்கள். கிடா பட்டியில் சாய்ந்து படுத்திருந்தது. படுத்திருக்கும்போதே மேனேஜர் நிற்கிற உயரம் இருந்தது. பின்னங்கால் ஒன்றில் முட்டி வரை பெரிய கட்டு.

"பத்து நாளாச்சு. முள்கம்பி கிழிச்சிடுச்சு. நான்தான் மருந்து வெச்சுக் கட்டுப் போட்டேன். எழுந்து தண்ணி குடிக்கவே ரெண்டு பேர் தூக்கி விடணும். இது வேலி தாண்டிப் போய் அஞ்சு பேரை..." அவர் மேடத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "போகுமா, சொல்லுங்க!"

"இதை ஏன் அந்தம்மாகிட்ட சொல்லலை?"

"எங்க சொல்ல விட்டாங்க? கேள்வி கேட்டாத்தானே பதில் சொல்ல! தீர்ப்பை எழுதிட்டுல்ல வந்தாங்க."

திரும்பி நடக்கும்போது கொசுறு தலையைச் சொறிந்தான். "அந்தக் கிடாவோட வேலை இல்லை. கொட்டகைப் பூட்டும் உடையலை, சாவி போஸ்ட்மாஸ்டரம்மா இடுப்புல. பச்சைச் சாயம் மட்டும் நடந்து வந்துச்சா?"

"கட்டு இல்லைன்னாலும் அந்தக் கிடா இல்லை. இடுப்பு உயரக் கிடா முழங்கால் உயர ஆட்டு மேல ஏறினா சாயம் எங்க ஒட்டும்?"

கொசுறு மனசுக்குள் அளந்து பார்த்தான். "காதுல."

"இங்கே எங்க இருக்கு?"

"வாலுக்கு மேல. கச்சிதமா."

"கச்சிதமா. அந்த வார்த்தையைப் பிடிச்சுக்கோ. நிஜக் கிடா ஏறியிருந்தா சாயம் இழுவிக் கிடக்கும். அஞ்சு ஆடும் ஒரே ராத்திரியில ஒத்துக்காது, ஆளுக்கு ஒரு நாள்னு நாள் எடுக்கும். இங்கே அஞ்சும் ஒரே அளவு, ஒரே இடம், ஒரே ராத்திரி. ஒரே மேஜையில உட்கார்ந்து வரிசையா குத்தின முத்திரை இது. ரொம்ப நுணுக்கமான கை."

கொசுறுவின் நடை நின்றது. கடிகாரம் நிறைந்த அந்த அறை கண் முன்னே வந்தது. "சரி மேடம், கை யாருதுன்னு புரியுது. மேனேஜரைக் காப்பாத்த அவரே பூசிட்டாரு. ஆனா மேனேஜர் போட்டிருக்கிறது சிவப்பு. ஏமாத்துறவர் சிவப்பைத்தானே பூசணும்? பச்சையை எதுக்குப் பூசணும்? பக்கத்து வீட்டுக்காரரை மாட்டி விடவா?"

"அவர் சிவப்புன்னு நினைச்சுத்தான் பூசினார்னு வெச்சுக்கோ."

"எப்படி மே..." என்று ஆரம்பித்த கொசுறு, நூல் முடிச்சு ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டான். அவன் தானாக வாயை மூடியது ஆறு வருஷத்தில் அது இரண்டாவது தடவை.

கொட்டகைக்கு வந்தபோது போஸ்ட்மாஸ்டரம்மா உள்ளே டாக்டரோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். மணி நாலரை. வாளிகள் இரண்டும் வாசலில் காலியாக இருந்தன.

"அந்த நூலை அவிழ்த்து மத்த வாளியில கட்டு" என்றார் மேடம்.

கட்டினான். மேடம் அறையை எட்டிப் பார்த்து, "ஐயா, அந்தச் சிவப்பு வாளியில கொஞ்சம் தண்ணி கொண்டு வர முடியுமா? கை கழுவணும்" என்றார்.

"இதோ" என்று கடிகாரக்காரர் வந்தார். கைப்பிடிகளைத் தடவினார். நூல் இருந்த வாளியை எடுத்தார், குழாயடிக்குப் போனார், நிரப்பினார், கொண்டு வந்து மேடத்தின் முன்னால் வைத்தார்.

"இந்தாங்க, சிவப்பு வாளி" என்றார்.

பச்சை வாளி. புல்லைவிடப் பச்சை.

கொசுறுவுக்குத் திடீரென்று அந்த மனிதரைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. பின்னால் போஸ்ட்மாஸ்டரம்மா வந்து நின்றார்.

"வாளியில யாரு நூலை மாத்திக் கட்டினது?" என்றார். குனிந்து முடிச்சைப் பார்த்தார். "இது நான் போட்ட முடிச்சே இல்லையே."

கடிகாரக்காரர் மெல்லத் திரும்பினார். "அப்ப அந்த நூல் எனக்காகக் கட்டினதா?"

போஸ்ட்மாஸ்டரம்மா நாக்கைக் கடித்துக்கொண்டார். முப்பது வருஷம் காத்த ரகசியம் ஒரு வாளியில் கவிழ்ந்துவிட்டது.

"குடிதண்ணி வாளின்னு அடையாளத்துக்குத்தானே கட்டினேன்னு சொன்னே?" என்றார் கணவர்.

"வேற என்ன சொல்லச் சொல்றீங்க? கல்யாணமான முதல் வாரம் எனக்குச் சிவப்புப் புடவைன்னு ஒரு பச்சைப் புடவை வாங்கிட்டு வந்தீங்க. கடையில ஏமாத்திட்டான்னு நினைச்சேன். அடுத்த வாரம் காயா இருந்த தக்காளியைப் பழம்னு கொண்டு வந்தீங்க. அப்பவே தெரிஞ்சு போச்சு. நீங்க மறைக்கணும்னு நினைச்சீங்க. சரி, மறைச்சுட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

"ரயில் டிரைவர் வேலைக்குப் போனேன். கலர் தெரியலைன்னு கழிச்சுக் கட்டிட்டாங்க. அதைச் சொன்னா உங்க வீட்டுல பொண்ணு தர மாட்டாங்கன்னு..."

"ஐயா," என்றார் மேடம், "வாளிக்கு நூல் இருக்கு. பிரஷ்ஷுக்கு நூல் இருக்கு. கடையில வாங்கின சாயக் கட்டிக்கு நூல் இல்லை."

போஸ்ட்மாஸ்டரம்மா மேடத்தைப் பார்த்தார். பிறகு ஐந்து ஆடுகளின் முதுகைப் பார்த்தார். பிறகு கணவரை.

"உங்களுக்குக் கலர் தெரியாதுன்னு எனக்கு முப்பது வருஷமா தெரியும்" என்றார் கடைசியில். "பொய் சொல்லத் தெரியும்னு இன்னிக்குத்தான் தெரியுது."

கடிகாரக்காரர் தலை குனிந்தபடியே நின்றார். "மேனேஜரைக் கறிக்கடைக்கு அனுப்பறேன்னு சொன்னே. முத்திரை விழுந்துட்டா அனுப்ப மாட்டேன்னு நினைச்சேன். நீ பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட சண்டைக்குப் போவேன்னு நினைக்கலை. பச்சை பச்சைன்னு நீ கத்தினப்பதான் தப்பா வாங்கிட்டேன்னே புரிஞ்சது. அப்புறம் எந்த மூஞ்சியை வெச்சுட்டுச் சொல்றது? அந்த அஞ்சுக்கும் வயித்துல ஒண்ணும் இல்லை, வெறும் வயித்துல ஊசி போட்டா என்ன ஆயிடப் போகுதுன்னு இருந்துட்டேன்."

வெளியே டாக்டரின் வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது.

"ஆக, கேஸ் முடிஞ்சது" என்றான் கொசுறு. "பச்சைக்குக் காரணம் ஐயா. மேனேஜர் ஒரு வேலையும் செய்யலை. டாக்டருக்கு டீ மட்டும் போதும்."

"இரு" என்றார் மேடம். அவர் பார்வை கடிகாரக்காரர் மேலேயே இருந்தது. "ஐயா, எதுக்குப் புதுசா ஒரு கட்டி வாங்கினீங்க? மேனேஜர் மார்புலயே ஒண்ணு இருக்கே. அதைக் கழட்டித் தேய்ச்சிருந்தா இந்த வம்பே இல்லையே?"

"அதைத்தாங்க முதல்ல தேய்ச்சேன்."

"தேய்ச்சு?"

"ஒட்டவே இல்லை. அஞ்சு நிமிஷம் அழுத்தி அழுத்தித் தேய்ச்சேன். என் கைதான் வலிச்சது."

மேடம் நேராக மேனேஜரிடம் போனார். வாரிலிருந்து சிவப்புக் கட்டியைக் கழற்றினார். திரும்பி வந்து, கொசுறுவின் வெள்ளைச் சட்டையில் நெஞ்சுக்கு நேராக வைத்து அழுத்தித் தேய்த்தார்.

"மேடம், புதுச் சட்டை" என்றான் கொசுறு.

சட்டையில் ஒரு புள்ளிகூட இல்லை.

"இந்தக் கட்டி யார் கொடுத்தது?"

"கிடாவை வித்தவன். வெயில் காலத்துல மிச்சமானது, சும்மா வெச்சுக்கோங்கன்னு கொடுத்தான்" என்றார் போஸ்ட்மாஸ்டரம்மா. சொல்லும்போதே அவர் குரல் இறங்கியது. அறை மேஜை மேல் டாக்டருக்காகப் போட்ட டீ ஆவி பறந்துகொண்டிருந்தது. மேடம் கட்டியை அந்த டம்ளரின் மேல் கொஞ்ச நேரம் ஒட்டிப் பிடித்தார். பிறகு கொசுறுவின் சட்டையில் அதே இடத்தில் லேசாக ஒரு தொடல்.

ரத்தக் களறியாக ஒரு சிவப்பு முத்திரை.

"வெயிலுக்குச் செஞ்ச கட்டி. சூட்டுல உருகாம இருக்கணும்னு கல்லு மாதிரி செஞ்சிருக்காங்க" என்றார் மேடம். "நீங்க மாட்டினது இந்தக் குளிர்ல. மாட்டினது முழங்கால் உயரக் கிடாவுக்கு. அதோட கனத்துக்கு இது எங்கே அழுந்தும்? மேனேஜர் வேலை செஞ்சிருக்கலாம். கையெழுத்துதான் விழலை."

போஸ்ட்மாஸ்டரம்மாவின் கையிலிருந்த நோட்டு நழுவியது. "அப்ப அந்த ஊசி..."

"ஊசி போடறதுக்கு முன்னால ஸ்கேன் பண்ணச் சொல்லுங்க."

டாக்டர் பையோடு உள்ளே வந்தார். ஊசியும் மருந்தும் மேலேயே இருந்தன. விஷயத்தைக் கேட்டுவிட்டு வண்டிக்குப் போய்ச் சின்ன ஸ்கேன் மிஷினை எடுத்து வந்தார். வந்தவர் கொசுறுவின் நெஞ்சிலிருந்த சிவப்பு முத்திரையைப் பார்த்து நின்றார்.

"இவருக்கும் பார்க்கணுமா?" என்று கேட்டார்.

"அவர் கொசுறு" என்றார் மேடம். "கடைசியில நேரம் இருந்தா பாருங்க."

முதல் ஆட்டைக் கடிகாரக்காரர் பிடித்துக்கொண்டார். அவர் கை அதன் கம்பளியை இறுகப் பற்றியிருந்தது. ஒரு முடியளவு ஸ்பிரிங்கை நோகாமல் தூக்கி வைக்கிற கை அது. டாக்டர் அடிவயிற்றில் கருவியை வைத்துத் திரையைப் பார்த்தார். கறுப்புத் திரையில் மொச்சை அளவுக்கு ஏதோ ஒன்று படபடவென்று துடித்தது.

"இதயம்" என்றார் டாக்டர். "நாற்பது நாள் இருக்கும்."

"போன வாரத்துது இல்லையே?" என்றார் போஸ்ட்மாஸ்டரம்மா.

"போன வாரத்துதுன்னா இப்போ ஒண்ணுமே தெரியாதும்மா. இது உங்க கிடாவோடதுதான்."

இரண்டாவது ஆட்டிலும் துடித்தது. மூன்றாவதில் இரண்டு. நான்காவதிலும் இருந்தது. ஐந்தாவது மட்டும் காலி. டாக்டர் ஊசியை உறையில் போட்டு, மருந்துப் புட்டியைப் பையின் அடியில் தள்ளினார். போஸ்ட்மாஸ்டரம்மா கீழே வைக்கோலிலேயே உட்கார்ந்துவிட்டார். யாரும் கேள்வி கேட்காமல் இருந்திருந்தால் இந்நேரம் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்திருப்பார். சத்தம் வராமல் அழுதார். மூன்றாம் ஆடு வந்து அவர் சால்வையைக் கடித்து இழுத்தது.

கடிகாரக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "பக்கத்து வீட்டுல நான் போய் மன்னிப்புக் கேட்கிறேன்" என்றார்.

"தெருவுல கத்தினது நான். நான் கேட்கிறேன்."

அறைக்குள்ளிருந்து மேனேஜர் வெளியே வந்தது. எல்லோரையும் ஒரு தடவை முறைத்தது. பிறகு வாசலிலேயே நின்றுகொண்டது.

"ஞாயித்துக்கிழமை அனுப்பறீங்களா?" என்று கேட்டான் கொசுறு.

"எதுக்கு அனுப்பணும்? அஞ்சாம் நம்பர் பாக்கி இருக்கு" என்றார் போஸ்ட்மாஸ்டரம்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். பச்சை வாளியிலிருந்த நூலை அவிழ்த்தார், சிவப்பு வாளியின் கைப்பிடியில் தன் முடிச்சைப் போட்டு இறுக்கினார்.

"நாளைக்குப் புதுக் கட்டி வாங்கக் கடைக்குப் போகணும்" என்றார் கணவரிடம். "ரெண்டு பேரும் போவோம். கலரை நான் பார்க்கிறேன். கெட்டியா, மெதுவான்னு நீங்க தொட்டுப் பாருங்க."